68 அம்பாசிடரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்: எத்தனை ஆம்பியர் போதும்?

புளியரைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் செங்கோட்டைக்கு மேற்கே புளியரை. மொட்டைமாடியில் நின்றால் எஸ் வளைவில் லாரி திரும்புவது தெரியும். வண்டி 1968 மாடல் அம்பாசிடர், மார்க் 2. அப்பா வாங்கியது. அவருக்கு வாழைக்காய் வியாபாரம். புனலூர், கொட்டாரக்கரை என்று வசூலுக்கு இந்த வண்டியில்தான் போய் வருவார். இப்போது என் கையில் இருக்கிறது. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்பேனர் பிடிப்பேன், பிளக் மாற்றுவேன், பிரேக் அட்ஜஸ்ட் செய்வேன். வயரிங் மட்டும் இன்னும் கொஞ்சம் பயம்.

விஷயம் இதுதான். போன கார்த்திகையில் அம்மாவை ஆரியங்காவு கோயிலுக்குக் கூட்டிப்போனேன். போகும்போது பகல், ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பும்போது இருட்டிவிட்டது, தூறல் வேறு. கோட்டைவாசல் தாண்டி இறங்கினால் வரிசையாக லாரி நிற்கிறது. சபரிமலை சீசன், ஆந்திரா வேன் ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டதாம். நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றோம். என்ஜின் ஐடிலில் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது, வைப்பர் ஓடுகிறது. முதலில் வைப்பர் தளர்ந்தது. கண்ணாடியில் பாதி தூரம் போய், யோசித்து, மெதுவாகத் திரும்பி வந்தது. பிறகு ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாகிப்போனது. ஹாரன் அடித்தால் தவளைச் சத்தம். பயந்துபோய் லைட்டை அணைக்கலாம் என்று கை வைத்தபோது என்ஜினே நின்றுவிட்டது. செல்ஃப் 'டிக்' என்றது, அவ்வளவுதான்.

மாலை போட்ட சாமிமார் நாலு பேர் வந்து தள்ளினார்கள். இறக்கம் என்பதால் இரண்டாவது கியரில் விட்டதும் எடுத்துக்கொண்டது. வீடு வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும், "இனி இந்த வண்டியில் என்னை ஏறச் சொல்லாதே" என்றாள். எண்பத்திரண்டு வயது. சொன்ன சொல்லில் நிற்பாள்.

பேட்டரி புதுசுதான், எட்டு மாதம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ பழைய லூகாஸ், தகட்டில் சி40 என்று இருக்கிறது. பக்கத்தில் கறுப்பு மூடி போட்ட கட்டவுட் பெட்டி, டைனமோ வலு குறைந்தால் அதைப் பேட்டரியிலிருந்து துண்டித்துவிடுவது. ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் அம்மீட்டர் முள் பிளஸ் பக்கம் நிற்கிறது. நின்றால் மைனஸ். சிவப்பு லைட்டும் மினுக்குகிறது.

கோவையில் இருக்கும் மருமகன், ஒரு டீசல் காரில் கழற்றிய 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (புது வண்டிகளில் டைனமோ வேலையைச் செய்வது) சும்மாவே கிடைக்கும், கொண்டுவருகிறேன் என்கிறார். செங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் மாருதி 800 பீஸ் போடு, வேலை முடிந்தது என்கிறார். இன்னொருவர் டைனமோவை ரீவைண்டிங் கொடு, வேறொன்றும் தொடாதே என்கிறார். என் கேள்விகள்: எத்தனை ஆம்பியர் போதும்? அம்மீட்டர் 30 வரைதான் காட்டும், அது தாங்குமா? வண்டியில் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கிறது, அதை என்ன செய்வது? பாடியிலோ என்ஜினிலோ வெட்டுவது, ஓட்டை போடுவது எதுவும் வேண்டாம். நாளைக்கு யாராவது பழையபடி டைனமோ மாட்ட நினைத்தால் மாட்ட முடிய வேண்டும்.

தென்காசி வயர்மேன்

அண்ணாச்சி, முப்பது வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். உங்கள் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்தது, தப்பாக நினைக்காதீர்கள். சாரல் மாசத்தில் இதே கதையோடு வண்டி வரும்.

உங்கள் டைனமோ கெட்டுப்போகவே இல்லை. அது அப்படித்தான். சி40 முழு வேகத்தில் சுற்றினால்தான் 22 ஆம்பியர் தரும். ஐடிலில் அதன் வோல்ட் பேட்டரி வோல்ட்டைத் தொடாது. கட்டவுட் கழன்றுகொள்ளும், மொத்த லோடும் பேட்டரி தலையில். நீங்கள் கணக்கு வாத்தியார், நீங்களே கூட்டிப் பாருங்கள். ஹெட்லைட் ஹாலஜன் 60 வாட் இரண்டு, 120 வாட், 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர். இக்னிஷன் காயில் மூன்றரை. வைப்பர் மூன்று. பார்க்கிங், டெயில், டேஷ்போர்டு எல்லாம் சேர்த்து ஒரு மூன்று. பிரேக்கில் கால் வைத்தே நின்றிருப்பீர்கள், 21 வாட் பல்பு இரண்டு, மூன்றரை. மொத்தம் 23. முழு வேகத்தில் ஓடினாலே டைனமோ மூச்சு வாங்கும். நீங்கள் ஐடிலில் நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறீர்கள். ஆம்பியரை மணியால் பெருக்கிப் பாருங்கள், அந்த பேட்டரியில் பதினைந்து ஆம்பியர்-மணி உறிஞ்சியாகிவிட்டது. எட்டு மாதமாக டைனமோ அதை முழுசாக நிரப்பியிருக்கவும் மாட்டாது. அப்புறம் செல்ஃப் எப்படிச் சுற்றும்?

ஆல்டர்னேட்டரில் கனமான சுற்று எல்லாம் வெளியே, அசையாத பாகத்தில் இருக்கிறது. சுழல்வது சின்ன ஃபீல்டு காயில். அதனால் பயமில்லாமல் வேகமாகச் சுற்றலாம், சின்ன புல்லி போடலாம். டைனமோவை அப்படிச் சுற்றினால் ஆர்மேச்சர் சுற்று பிய்ந்து வெளியே வரும், நான் பார்த்திருக்கிறேன். கட்டவுட்டும் தேவையில்லை, உள்ளே ஆறு டயோடு இருக்கிறது, கரண்ட் திரும்பி வராது.

மருமகன் கொண்டுவரும் 90 ஆம்பியரை வேண்டாம் என்று சொல்லுங்கள். மனசு நோகாமல் சொல்லுங்கள். டீசல் வண்டி ஆல்டர்னேட்டர் என்றால் பெரும்பாலும் முதுகில் வேக்குவம் பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரேக் பூஸ்டருக்காக. அதற்கு ஆயில் லைன் வேண்டும். உங்கள் வண்டியில் அது என்ன செய்யும்? அதோடு 90 ஆம்பியரை முழுசாக எடுத்தால் ஒற்றை வி பெல்ட் வழுக்கும், வாட்டர் பம்ப் பேரிங்கையும் பதம் பார்க்கும். காய்கறிச் சந்தையில் இலவசமாகக் கொடுத்த பூசணிக்காயைச் சுமந்துகொண்டு வந்த கதையாகிவிடும்.

உங்களுக்கு 35-லிருந்து 45 ஆம்பியர் போதும். கடையில் கேட்கும்போது தகட்டில் எழுதிய ஆம்பியரை மட்டும் பார்க்காதீர்கள். அது ஆல்டர்னேட்டர் நிமிஷத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது தருவது. 1500 சுற்றில் எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரன் விழிப்பான், பரவாயில்லை. ஒற்றை வி பெல்ட் புல்லி, உள்ளேயே ரெகுலேட்டர், போல்ட்டு மாட்டும் முன்பக்கக் காது டைனமோ காது இடத்தில் உட்காருமா என்று டேப் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. என்ஜினை 2000 சுற்றில் ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பு பின்னால் எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

புனலூர் ஹெரால்டு

நான் எதிர்க்கட்சி. சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது, டைனமோவோடுதான். தென்மலை அணை, அச்சன்கோவில் என்று ராத்திரி, மழை எல்லாம் ஓடியிருக்கிறேன். டைனமோவைக் கழற்றி, கம்யூட்டேட்டரை வழவழப்பாகச் சுத்தம் செய்து, செம்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை ஹேக்ஸா பிளேடு துண்டால் அரை மில்லி ஆழத்துக்குச் சுரண்டிவிட்டு, புது கார்பன் பிரஷ் போட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை போய்விடும்.

மீதிப் பாதி வயரிங். வயர்மேன் அண்ணன் பல்பில் வோல்ட் அளக்கச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பழைய வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுக்க டேஷ்போர்டு ஸ்விட்ச், டிப்பர் ஸ்விட்ச் எல்லாம் சுற்றி, ஐம்பது வருஷப் பழைய வயரில் போகிறது. பல்புக்கு வர வேண்டிய வோல்ட்டில் பத்து சதவீதம் வழியில் தொலைந்தால் வெளிச்சத்தில் முப்பது சதவீதம் தொலையும். இரண்டு ரிலே வாங்கி, பேட்டரியிலிருந்து நேரடியாக இரண்டரை ஸ்கொயர் வயர் இழுத்து, ஃப்யூஸ் போட்டு ஹெட்லைட்டுக்குக் கொடுங்கள். செலவு கொஞ்சம்தான். பழைய ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கும், சூடாகாது.

இன்னொன்று. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது, நம்பரில் 'விஏ' வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. அதற்குச் சேஸிஸ், பாடி, என்ஜின் எல்லாம் பெரிய மாற்றமில்லாமல் ஆதி நிலையில் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் டைனமோவைத் தூக்கி ஆக்கர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். ஆயில் துணியில் சுற்றி வையுங்கள்.

புளியரைக்காரன்

இரண்டு பேருக்கும் நன்றி. அளந்தேன். 2000 சுற்றில் பேட்டரியில் 13.1, வலது பல்பு பின்னால் 11.2. ஏறக்குறைய இரண்டு வோல்ட்டை வழியில் யாரோ தின்கிறார்கள். ஐடிலில் பேட்டரியில் 12.1, பல்பில் 10.3.

புனலூர்க்காரர் சொன்னபடி முதலில் ரிலே போட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலைதான். பழைய டிப்பர் ஸ்விட்ச்சைக் கழற்றினால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துக்கிடக்கிறது. ரிலே போட்டபின் பல்பில் 12.8 வருகிறது. வீட்டுக்கு எதிரே தோப்பில் தென்னை மட்டை ஒவ்வொன்றும் தெரிகிறது. இத்தனை வருஷமாக இந்த வெளிச்சம் எங்கே போயிருந்தது என்று ஆத்திரம்தான் வந்தது.

ஆனால் ஐடில் பிரச்சினை அப்படியே இருக்கிறது. பல்பு இப்போது முழுசாகக் குடிக்கிறது, அதனால் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். ஆகவே ஆல்டர்னேட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். மருமகனிடம் சொல்லியாகிவிட்டது. "மாமா, சும்மா கிடைக்கிறதே" என்றார். பூசணிக்காய்க் கதையைச் சொன்னேன்.

பாசிட்டிவ் எர்த் பற்றி யாராவது சொல்லுங்கள்.

கொல்லங்கோடு மைனர்

சார், நான் பாலக்காட்டுப் பக்கம். மோரிஸ் மைனர் வைத்திருக்கிறேன், பாசிட்டிவ் எர்த்தாக இருந்ததை மாற்றியவன். கொல்லங்கோட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம், எல்லோரும் இதில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.

டைனமோவுக்கு எந்தப் பக்கம் எர்த் என்றாலும் கவலையில்லை. ஆல்டர்னேட்டருக்கு உயிர்போகிற விஷயம். பேட்டரியைத் தலைகீழாக ஒரு நொடி தொட்டால் டயோடு எல்லாம் போச்சு. அதனால் ஆல்டர்னேட்டரை மாட்டும் முன்பே வண்டியை நெகட்டிவ் எர்த் ஆக்கிவிட்டு, ஒரு வாரம் டைனமோவோடு ஓட்டிப் பாருங்கள். அதற்கு டைனமோவுக்குப் புதுத் திசை காட்ட வேண்டும்: எஃப் (ஃபீல்டு) வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாடியோடு சேராத முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து டைனமோவின் எஃப் முனையில் இரண்டு நொடி தொட்டு எடுங்கள். சின்னதாகப் பொறி வரும். அவ்வளவுதான்.

பேட்டரி போஸ்ட் இரண்டும் ஒரே கனம் இல்லை, பிளஸ் தடிமன். அதனால் பழைய கிளாம்ப் மாறி உட்காராது, புதிது வாங்குங்கள். அம்மீட்டரில் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் முள் எதிர்ப்பக்கம் ஓடும். இக்னிஷன் காயிலிலும் இரண்டு வயரையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஸ்பார்க் மட்டும் கொஞ்சம் இளைத்துவிடும். பழைய ரேடியோ இருந்தால் அதைக் கழற்றி வையுங்கள். லைட், ஹாரன், செல்ஃப் எதற்கும் கவலை இல்லை.

ஆல்டர்னேட்டர் மாட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கு வெறும் விளக்கு இல்லை. அதன் வழியாகப் போகும் துளி கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. அந்த 2.2 வாட் பல்பு ஃப்யூஸ் ஆனாலோ, அழகுக்கு என்று எல்இடி போட்டாலோ, வண்டி ஸ்டார்ட் ஆகி ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால்தான் சார்ஜ் ஆரம்பிக்கும். நான் இதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் ஆல்டர்னேட்டரையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் மைனர்காரர்கள் லூகாஸ் 16 ஏசிஆர், 17 ஏசிஆர் போடுவார்கள், 34, 36 ஆம்பியர். உங்கள் 45 தாராளம்.

புளியரைக்காரன்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். முடிந்துவிட்டது. ஆனால் நேராக முடியவில்லை.

நெகட்டிவ் எர்த் மாற்றம் எழுதியபடியே நடந்தது. அந்த இரண்டு நொடிப் பொறிக்குக் கை நடுங்கியதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் டைனமோவைக் கழற்றினேன். கையில் எடுத்தால் ஆட்டுக்குட்டி கனம். உடம்பெல்லாம் ஐம்பது வருஷ ஆயிலும் செம்மண்ணும். மண்ணெண்ணெயில் கழுவினால் அடியில் பச்சைப் பெயிண்டால் ஒரு கோடும், ஆணியால் கீறிய தேதி ஒன்றும்: 14-4-79. அப்பா எழுத்துதான், ஒன்பதுக்கு வால் அவர் அப்படித்தான் போடுவார். சித்திரை முதல் நாள் எந்த மெக்கானிக்கைப் பிடித்து இதைப் பிரித்தார் என்று தெரியவில்லை. துணியில் சுற்றி நெல் குதிருக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஆல்டர்னேட்டர் ரீகண்டிஷன் செய்த 45 ஆம்பியர் பீஸ். எந்தக் கடை என்று எழுதவில்லை, காரணம் கீழே வருகிறது.

மாட்டுவதில்தான் நேரம் போனது. டைனமோ நீளம், ஆல்டர்னேட்டர் குட்டை. முன் காது சரியாக வந்து உட்கார்ந்தது, பின் காதுக்கும் என்ஜினில் இருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. செங்கோட்டையில் லேத் பட்டறையில் கொடுத்து ஒரு குழாய் கடைந்து வாங்கினேன், 71 மில்லி நீளம். அம்பாசிடர் போல்ட்டு பதினாறில் ஐந்து அங்குலம், அதாவது எட்டு மில்லிக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆல்டர்னேட்டர் காதின் துளை பத்து மில்லி. அப்படியே மாட்டினால் ஆடும். அதற்கும் ஒரு புஷ். பட்டறைத் தம்பி என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்து, "சார், படம் எல்லாம் நல்லாத்தான் வரைந்திருக்கிறீர்கள், அளவுக்குப் பக்கத்தில் எதற்கு மார்க் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டான். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். டிக் போட்டிருக்கிறேன்.

புல்லி நேர்கோடு: கிராங்க் புல்லியின் முகத்தில் ஒரு அலுமினிய ஸ்கேலைப் படுக்கவைத்துப் பார்த்தால் ஆல்டர்னேட்டர் புல்லி மூன்று மில்லி முன்னே நீட்டிக்கொண்டிருந்தது. குழாயில் மூன்று மில்லி கழித்து, முன் காதுக்குப் பின்னால் இருந்த வாஷரை எடுத்தேன். இப்போது ஸ்கேலுக்கும் புல்லிக்கும் நடுவே சிகரெட் பேப்பர் போகாது. பெல்ட்டை நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குகிறது. கிராங்க் புல்லி 130 மில்லி, ஆல்டர்னேட்டர் புல்லி 65. ஐடில் 750 என்றால் ஆல்டர்னேட்டர் 1500. வயர்மேன் கேட்கச் சொன்ன எண் அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

வயரிங்: கட்டவுட் பெட்டியைக் கழற்றவில்லை, பார்வைக்கு இருக்கட்டும். ஏ, ஏ1 என்ற இரண்டு முனை வயரையும் ஒன்றாகச் சேர்த்தேன். டி முனையில் இருந்த மெல்லிய விளக்கு வயரையும், டைனமோவுக்குப் போன தடித்த வயரையும் சேர்த்து ஆல்டர்னேட்டரின் விளக்கு முனைக்குக் கொடுத்தேன். எஃப் வயரை டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிட்டேன். மெயினுக்குப் புதிதாக 10 ஸ்கொயர் கேபிள், செல்ஃபுக்குக் கரண்ட் கொடுக்கும் சாலினாய்டு ஸ்விட்ச்சின் பேட்டரி போல்ட்டு வரை, நடுவே 60 ஆம்பியர் ஃப்யூஸ்.

ஸ்டார்ட் செய்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. பேட்டரியில் 14.1. குதித்தேன் என்றே சொல்லலாம். ஆனால் அம்மீட்டர் முள் மைனஸ் பத்தில் நிற்கிறது! ரேஸ் கொடுத்தாலும் அசையவில்லை. ராத்திரி பத்து மணிக்கு வயர்மேனுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். அவர் பதிலை அவரே இங்கே போடட்டும்.

அடுத்த நாள் காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது. சரி, பழைய கதையில் மிச்சம் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது நாள் சுற்றவே இல்லை. பானெட்டைத் திறந்து எங்கே லூஸ் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மார்கழிக் காலை, இரும்பெல்லாம் சில்லென்று இருக்கிறது. கை ஆல்டர்னேட்டரில் பட்டால் இளஞ்சூடு. பால் டம்ளர் மாதிரி. பன்னிரண்டு மணி நேரமாக என்ஜின் ஓடவில்லை.

தென்காசி வயர்மேன்

அம்மீட்டர் கதை முதலில். அண்ணாச்சி வண்டியில் அம்மீட்டர் சாலினாய்டுக்கும் கட்டவுட் ஏ முனைக்கும் நடுவே இருக்கிறது. புது கேபிளைச் சாலினாய்டில் சேர்த்தால் ஆல்டர்னேட்டரின் கரண்ட் அம்மீட்டருக்குள் போகாமலே பேட்டரிக்குப் போகிறது. லைட்டுக்கும் காயிலுக்கும் போவது மட்டும் அதன் வழியே வெளியேறுகிறது. ஆகவே எப்போதும் மைனஸ்தான் காட்டும், அது சரிதான். கேபிளைக் கட்டவுட் பக்கம் சேர்த்தால் முள் பிளஸில் நிற்கும், ஆனால் காலி பேட்டரிக்கு ஆல்டர்னேட்டர் முப்பதுக்கு மேல் தள்ளும்போது அம்மீட்டரும் ஐம்பது வருஷ வயரும் வேகும். அதைச் செய்ய வேண்டாம் என்றேன். அம்மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, டேஷுக்குக் கீழே சின்ன வோல்ட்மீட்டர் ஒன்று போடுங்கள்.

இளஞ்சூடு கேட்டதும் தெரிந்துவிட்டது, டயோடு ஷார்ட். பேட்டரி ராத்திரி முழுக்க அதன் வழியாகத் தன்னைத்தானே காலி செய்துகொண்டிருக்கிறது. பார்க்க ஒரு வழி: என்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து பேட்டரி முனைகளில் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போனது. டிசியில் 14 காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள்.

புளியரைக்காரன்

ஏசியில் 1.3 காட்டியது.

கடைக்குக் கொண்டுபோனேன். "நீங்கள் பேட்டரியை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள், வாத்தியார் எல்லாம் இதைச் செய்யக் கூடாது" என்றார் கடைக்காரர். மாற்றிக் கொடுத்திருந்தால் ஒன்றல்ல, எல்லா டயோடும் போயிருக்கும் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. காசும் திரும்பவில்லை. வயர்மேனிடமே தென்காசிக்குக் கொண்டுபோனேன். பிரித்தால் ஆறு டயோடில் ஐந்து ஒரு மாதிரி, ஒன்று மட்டும் வேறு மாதிரி, ஈயம் வழிந்து கிடந்தது. முழுத் தட்டையும் மாற்றினார், பேரிங் இரண்டும் மாற்றினார், பிரஷ் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். டீயும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

இப்போதைய கணக்கு: ஐடிலில் எல்லா லைட்டும் வைப்பரும் போட்டால் 13.0. கொஞ்சம் ஆக்சிலேட்டர் தொட்டால் 13.9. லோடு இல்லாமல் 14.2. ராத்திரி நிறுத்தி வைத்து ஒரு வாரம் கழித்துத் தொட்டாலும் செல்ஃப் முதல் சுற்றிலேயே எடுக்கிறது.

புனலூர் ஹெரால்டு

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். பாதி. அந்த 79 தேதி போட்ட டைனமோவை ஒருநாள் கொண்டுவாருங்கள், சும்மாவாவது கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்து தருகிறேன். அம்மா என்ன சொன்னார்கள் என்று எழுதவே இல்லையே?

புளியரைக்காரன்

அதை ஏன் கேட்கிறீர்கள். தையில் ஒரு நாள், தென்மலையில் கல்யாணம், பஸ்ஸில் கூட்டம் என்று சொல்லி மெதுவாக ஏற்றிவிட்டேன். திரும்பும்போது வேண்டுமென்றே இருட்டவிட்டேன். மழை இல்லை, இருந்தாலும் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு எஸ் வளைவுக்கு மேலே ஓரமாக நிறுத்தினேன், என்ஜின் ஐடிலில். வோல்ட்மீட்டர் 13.0. அப்படியே பத்து நிமிஷம். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா கீழே புளியரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கடைசியில் சொன்னாள்: "காய்ந்த கண்ணாடியில் எதுக்குடா அந்த வைப்பர், கிறீச் கிறீச் என்று. நிறுத்து."

வைப்பர் ரப்பர் எந்த அளவு என்று யாருக்காவது தெரியுமா? மார்க் 2, முன் கண்ணாடி.